கரடியின் சந்தேகங்கள்

கரடிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. தேனடையைக் கண்டாலே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். வேறு வழியில்லாமல் மரங்கொத்தி வைத்தியரிடம் போனது. அந்தக் கூரான அலகைப் பார்த்ததுமே வாயைப் பொத்திக்கொண்டது.

“வாயைத் திறங்க” என்றது மரங்கொத்தி.

“அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். தேன் உடம்புக்கு நல்லதாச்சே, பல்லை எப்படிக் கெடுக்கும்?”

“தின்னுட்டு வாய் கொப்பளிக்காமத் தூங்கினா, ராத்திரி முழுக்கப் பல்லு அதுலதானே ஊறுது?”

“நேத்து வலி குறைஞ்சுதே. சொத்தை தானா ஆறிடுச்சோ?”

“மரத்துல விழுந்த பொந்து என்னிக்காவது தானா மூடியிருக்கா?”

கரடி விடுவதாக இல்லை. எங்கள் வம்சத்துக்கே பல் பலவீனம்தானோ, கிராம்பை வைத்து அடக்கினால் போதாதோ என்று கேட்டுக்கொண்டே போனது. ஒவ்வொரு கேள்விக்கும் வாய் அகலத் திறந்தது. திறந்தபோதெல்லாம் மரங்கொத்தி உள்ளே எட்டிச் சொத்தையை நோகாமல் சுரண்டியது. கடைசியில் குழியைப் பிசின் வைத்து அடைத்தது. பேச்சு மும்முரத்தில் கரடி எதையும் கவனிக்கவில்லை.

“சரி, ஆரம்பிங்க” என்று ஒருவழியாகக் கண்களை இறுக மூடிக்கொண்டது. “வலிக்குமான்னு மட்டும் சொல்லிடுங்க.”

“அதை நீங்கதான் சொல்லணும். வேலை முடிஞ்சுபோச்சு.”

கரடி நாக்கால் துழாவிப் பார்த்தது. குழியைக் காணோம். எழுந்து நாலடி நடந்தது. பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தது.

“பக்கத்துப் பல்லைப் பத்தியும் ஒரு சந்தேகம் இருக்கு வைத்தியரே” என்று வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டது.