பழைய சர்வரில் ஒருவர்

"இன்னுமா அணைக்கலை?" என்று கேட்டார் மேலாளர்.

"உள்ள ஒருத்தர் இருக்கார் சார்," என்றாள் மின்னல்.

வேலையில் அவளுக்கு இருந்த வேகத்தைப் பார்த்து அலுவலகமே வைத்த பெயர் அது. பஸ் டிக்கெட் பதிவு செய்யும் இணையதளத்தை ஒரு நொடிகூட நிறுத்தாமல் காலையில் புது சர்வருக்கு மாற்றிவிட்டாள். உள்ளே இருந்த நாலாயிரம் பேருக்கு மாறியதே தெரியாது. பழைய சர்வரை அணைத்தால் வேலை முடிந்தது. முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மணி இரண்டு.

"ஒரே ஒரு ஆளுக்காக இத்தனை பேர் வயித்தைக் காயப்போடணுமா?"

"அவர் பழைய சர்வர்லயே ஏதோ எழுதிட்டிருக்கார் சார், அனுப்பினாதான் புதுசுக்கு மாறுவார். இப்ப அணைச்சா அத்தனையும் போயிடும்."

"போனா திரும்ப எழுதட்டுமே. என்ன, காவியமா எழுதறார்?"

மின்னல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

'பிடிவாதக்காரி' என்று முணுமுணுத்துக்கொண்டே மேலாளரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையின் மூலையில், பழைய சர்வரில் மிச்சம் இருப்பவர்களின் எண்ணிக்கை '1' என்று அசையாமல் நின்றது. பசியோடு ஒவ்வொருவராகப் பின்னால் வந்து கூடினார்கள்.

"ஒத்தை விரல்ல அடிக்கிறார் போல," என்றார் கணக்காளர்.

"ஐயா, போதும்யா, அனுப்பிடுய்யா," என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டாள் வரவேற்பறைப் பெண்.

சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் மேலாளருக்கும் அந்த முகம் தெரியாத மனிதர் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

"யாரும் அவசரப்படுத்தாதீங்கப்பா. மனுஷன் நிதானமா எழுதட்டும்."

இரண்டே முக்காலுக்கு '1' போய் '0' வந்தது. அறையே கைதட்டியது. மேலாளர் தட்டியதுதான் பலமாகக் கேட்டது. மின்னல் பழைய சர்வரை அணைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

படியிறங்கும்போது மேலாளர் கேட்டார். "அப்படி என்னம்மா எழுதினார்?"

"புகார் சார்."

"புகாரா? யார் மேல?"

"என் மேலதான். புகார்ப் பக்கத்துல அவர் பேரைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. போன ரெண்டு தடவை தளத்தை மாத்தினப்பவும், அவர் எழுதிட்டிருக்கும்போதே நான் அணைச்சுட்டேன். இந்தத் தடவையாவது முழுசா திட்டி முடிக்கட்டும்னுதான் விட்டேன்."