கூட்டமைப்பில் ஓர் இடம்

“உங்க காலேஜுக்கு என்ன தகுதி இருக்கு மாப்ளே? அதை முதல்ல சொல்லு.”

அடுப்பில் கிடந்த பன்றி விலாவைப் புரட்டிப் போட்டபடியே கேட்டான் கர்டிஸ். சனிக்கிழமை. டல்வின் பல்கலைக்கழக மைதானத்துக்கு வெளியே, அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் தொடங்கும்முன் ஊரே வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டுத் தின்றுகொண்டிருந்தது. டல்வினின் விளையாட்டுத் துறைக்குத் தலைவன் கர்டிஸ். பெரிய கல்லூரிகள் சேர்ந்து ஆடும் பைசன் கூட்டமைப்பில் அவன் வைத்ததுதான் சட்டம்.

அவன் தங்கை டார்லாவின் கணவன் ராய்ஸ். அதே வேலையை ஹார்ட்வெல் என்கிற சின்னக் கல்லூரியில் பார்த்துவந்தான். பைசனில் இடம் கிடைத்தால் ஹார்ட்வெல்லின் ஆட்டம் டிவியில் வரும், அந்தப் பணம் வரும், பின்னாலேயே மாணவர்களும் வருவார்கள். இல்லையென்றால் இன்னும் சில வருடங்களில் கல்லூரிக்குப் பூட்டு. அதை நம்பியிருக்கும் ஊரும் அதோடு போகும்.

“மூணு வருஷமா எங்க பக்கத்துல நாங்கதான் சாம்பியன், மச்சான்.”

“ஜெயிக்கிறவனுக்கா இடம் கொடுக்கிறாங்க?”

“அப்போ ரோஸ்டன் காலேஜ்? போன வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கலை. அவனை உள்ள வெச்சிருக்கீங்களே!”

“ரோஸ்டன் ஊர்ல பத்து லட்சம் டிவி இருக்கு. உன் ஊர்ல மாடுதான் இருக்கு. மாடு மேட்ச் பார்க்குமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராய்ஸும் சிரித்துவைத்தான். கெஞ்ச வந்தவனுக்கு ரோஷம் எதற்கு?

ஹார்ட்வெல்லைச் சேர்க்கக் கூடாது என்று வருடா வருடம் முதலில் கை தூக்குகிறவனே கர்டிஸ்தான். அன்றைக்கு ஏனோ கொஞ்சம் இறங்கி வந்தான்.

“உன் மைதானம் மாட்டுக் கொட்டாய் மாதிரி இருக்கு. முப்பதாயிரம் பேர் உட்கார்ற மாதிரி கட்டு. கட்டிட்டு வா, நானே எழுந்து நின்னு உனக்காகப் பேசுறேன்.”

“நிஜமாவா மச்சான்? ஆனா காசுக்கு எங்க போறது?”

“எதையாவது மூடு. நாங்க எல்லாரும் அப்படித்தான் கட்டினோம்.”

காகிதத் தட்டுகளில் சோளரொட்டி வைத்துக்கொண்டிருந்த டார்லாவின் கை நின்றது. ஹார்ட்வெல்லில் எல்லாவற்றையும்விட நஷ்டத்தில் நடப்பது அவள் பாடம் எடுக்கும் நர்சிங் பள்ளிதான்.

“அண்ணே, எங்க மாவட்ட ஆஸ்பத்திரியில நிக்கிற நர்ஸ் எல்லாம் எங்க பிள்ளைங்க. பள்ளியை மூடினா ஆஸ்பத்திரிக்கு ஆள் எங்கேருந்து வரும்?”

“ஆட்டத்தைப் பத்திப் பேசும்போது ஆஸ்பத்திரியை இழுக்காதே டார்லா,” என்றான் கர்டிஸ். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே நர்சிங் பள்ளியை மூடினார்கள். ஊர்க் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவள் டார்லா ஒருத்திதான். “பைசன் வேண்டாம்னு சொல்ற பைத்தியம் உன் பொண்டாட்டிதானா ராய்ஸ்?” என்று முடிவெட்டுகிறவர்கூடக் கேட்டார். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஊரே கிணற்றில் குதித்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

மறுவருடம் மைதானம் எழுந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பற்றாமல் பிரசவப் பிரிவைப் பூட்டினார்கள். அதற்கடுத்த ஜூனில் டார்லாவின் பழைய மாணவி ட்ரீனாவுக்கு வலி எடுத்து, நகரத்துக்குப் போகிற வழியில் காரிலேயே பிரசவமானது. குழந்தை பிழைக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பைசன் தொப்பி போட்டிருந்தார்கள். தேவாலய வாசலில்தான் அதைக் கழற்றினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டார்லா வெடித்தாள்.

“ட்ரீனாவுக்கு என்ன பதில் சொல்லப் போறே? சொல்லு!”

“இன்னும் ஒரே மாசம் டார்லா. இடம் கிடைச்சிட்டா முதல் டிவி பணத்துலயே உன் பள்ளியைத் திறக்கிறேன். சத்தியமா.”

வேறு எதை நம்புவது? அவளும் அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று ஜெபிக்கத் தொடங்கினாள்.

ஜூலையில் ஓட்டெடுப்பு. கர்டிஸ் சொன்ன சொல் தவறவில்லை. ஹார்ட்வெல்லைப் போலத் தகுதியுள்ள கல்லூரி இந்தச் சமவெளியிலேயே கிடையாது என்று அரைமணி நேரம் முழங்கினான். எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. ஹார்ட்வெல் ஊரில் தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியது. பெரிய ஆண்பிள்ளைகள் நடுத்தெருவில் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

சாயங்காலம் ராய்ஸ் மச்சானுக்குப் போன் செய்தான். டார்லாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

“மச்சான், உயிர் இருக்கிற வரைக்கும் இந்த உதவியை மறக்க மாட்டேன்.”

“விடு மாப்ளே.”

“புது மைதானத்துல முதல் ஆட்டம் உங்க டல்வினோடதான். ஊரே கேட்குது. எந்த சனிக்கிழமை வர்றீங்க?”

மறுமுனையில் கர்டிஸ் யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னான்.

“அண்ணே?” என்றாள் டார்லா.

“நாங்க வர மாட்டோம்மா. டல்வின் பைசனை விட்டுட்டுக் கிழக்குக் கூட்டமைப்புக்குப் போகுது, நாளைக்கு அறிவிப்பு. டல்வின் இல்லாத பைசன் வேண்டாம்னு டிவிக்காரனும் எங்களோடவே வர்றான்.” கர்டிஸ் தொண்டையைச் செருமினான். “வெளிய போறவன் தன்னோட இடத்துல முப்பதாயிரம் பேர் மைதானம் உள்ள ஒருத்தனைக் கொண்டுவந்து வெச்சிட்டுத்தான் போகணும்னு பைசன்ல விதி இருக்கு. எத்தனையோ காலேஜைக் கேட்டுப் பார்த்தேன், உங்களைத் தவிர ஒருத்தனும் கட்ட ஒத்துக்கலை.”