தோரெமாராவில் வைத்த பொட்டு

அது எழுபத்து நான்கா, எழுபத்தைந்தா என்பதில் சிவனேஸ்வரிக்கு இப்போது நிச்சயமில்லை. சுவரில் கட்டிய கணவருடைய வெள்ளை வேட்டியில் படங்கள் விழுந்தது மட்டும் உறுதி.

அவுஸ்திரேலியாவில், கிளேட்டனில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு. மகேந்திரராஜா புரொஜெக்டரை இயக்கிக்கொண்டிருந்தார். பார்க்க வந்திருந்தவர் ஒருவர்தான்: பக்கத்து வீட்டு இத்தாலியர் றொக்கோ. தனியாள். வேலிக்கு மேலால் தக்காளி நீட்டுபவர்.

லண்டனிலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் தோரெமாராவுக்குப் போனதே அவரால்தான். வழிகாட்டிப் புத்தகம் எதிலும் இல்லாத அவருடைய ஊர். பாதி கடலுக்குள் இறங்கிவிட்ட கோட்டை. மீன்வலை காயும் தேவாலயப் படிகள்.

"எனக்கு அங்கே ஒருவரும் இல்லை. ஊரைப் பார்த்து வாருங்கள், போதும்" என்று சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு படத்துக்கும் றொக்கோ கதிரையில் இன்னும் கொஞ்சம் முன்னால் சரிந்தார். கிணற்றடியில் இருந்த சவரக்கடை எங்கே? கோட்டை வாசலில் இப்போதும் நண்டு விற்கிறார்களா?

அடுத்த படம் விழுந்ததும் சிவனேஸ்வரி எழுந்துவிட்டாள்.

"ஐயோ, அதை எடுங்கோப்பா! காட்ட வேண்டாமெண்டு சொன்னனான் எல்லே?"

"இருக்கட்டும். உம்மட சிநேகிதியை அவரும் பாக்கட்டுமன்."

வீட்டு வாசலில், தெருவுக்கு முதுகு காட்டிப் போட்ட கதிரையில், கறுப்பு உடுப்பில் ஒரு பெண். கமராவுக்காகத் திரும்பியிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

பொட்டை அவளாகத்தான் கேட்டாள். சிவனேஸ்வரியின் நெற்றியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் நெற்றியை நீட்டினாள்.

யாழ்ப்பாணத்தில் கணவனை இழந்தவர்கள் வெள்ளை உடுப்பார்கள். கறுப்பு சிவனேஸ்வரிக்கு வெறும் நிறம்.

பிறகுதான் விடுதிக்காரர் சொன்னார். அந்த ஊரில் அதுதான் விதவைக் கோலமாம். அவளுடைய புருசன் அவுஸ்திரேலியாவுக்குப் போய், சுரங்கத்தில் செத்துப் பல வருடமாம்.

அன்றிலிருந்து குங்குமச் சிமிழைத் திறக்கும்போதெல்லாம் சிவனேஸ்வரிக்கு அந்த நெற்றிதான் நினைவில் வந்தது. செய்த பிழை தன் தாலியில் வந்து விடியுமோ என்று பயந்தாள். மகேந்திரராஜா காரில் வேலைக்குப் புறப்பட்டால், திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இதையெல்லாம் பெரிய பகிடியாக ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

றொக்கோ சிரிக்கவில்லை. "சுரங்கத்திலா?" என்று மட்டும் கேட்டார்.

கேத்தில் கூவியது. மகேந்திரராஜா எழுந்து குசினிக்குள் போனார்.

றொக்கோ வேட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொட்டை அழித்துவிட்டாளா?"

"இல்லை. நாங்கள் பஸ் ஏறும்வரை அப்படியே இருந்தது."

"அழிக்கமாட்டாள்" என்றார் அவர். "கொஞ்செத்தா பிடிவாதக்காரி."

கொஞ்செத்தா. அந்தப் பெண்ணின் பெயரைச் சிவனேஸ்வரி கேட்டிருக்கவில்லை. விடுதிக்காரரும் சொல்லியிருக்கவில்லை.

மகேந்திரராஜா தேத்தண்ணியோடு வந்தபோது அடுத்த படம் விழுந்திருந்தது: வெறும் கடல்.

றொக்கோ அந்தப் பெயரைச் சொன்னதைச் சிவனேஸ்வரி கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பொட்டு இருந்தது சுமங்கலியின் நெற்றியில்தான்; வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதை அவள் விட்டுவிட்டாள். மகேந்திரராஜா எண்பது வயது தாண்டி, கிளென் வேவர்லி வீட்டில் இன்னும் பகிடி விட்டுக்கொண்டிருக்கிறார். றொக்கோ ஊருக்குத் திரும்பவில்லை. சில வருடங்களில் அந்தப் பக்கத்து வீட்டிலேயே இறந்தார். அடக்கத்துக்கு அவர் வேலை செய்த தொழிற்சாலை ஆட்கள் கொஞ்சப் பேர் வந்தார்கள்.

கொஞ்செத்தாவுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.