காவலுக்கு ஆள் வேண்டாத கடல்

கோரிப்பாளையத்துச் சாயங்கால வெயில் நூர்தீன் பாயின் துணிக்கடைக்குள் சாய்ந்து, கம்பியில் தொங்கும் நீச்சல் உடைகளை மினுங்க வைக்கிறது. இத்தாலியில் வேலை பார்க்கும் அழகுபாண்டியின் மகன், அப்பா அம்மாவை அங்குள்ள ரிமினி கடற்கரைக்குக் கூப்பிட்டிருக்கிறான். அழகுபாண்டி வேட்டிக்கு மேலேயே ஒரு நீச்சல் டிரவுசரை வைத்துப் பிடித்து, கண்ணாடி முன்னால் வயிற்றை எக்குகிறார். அவர் மனைவி ராமக்காள் பையை மடியில் அணைத்தபடி ஸ்டூலில் இருக்கிறாள். அழகர்கோவில் தீர்த்தமானாலும் ராமேஸ்வரம் கடலானாலும், குடும்பம் முங்கி எழும்வரை செருப்புக்கும் பைக்கும் அவள்தான் காவல்.

“ஈரத்துணியோட தெருவுல நடக்காதீங்கண்ணே, சில ஊர்ல அபராதமே உண்டு,” என்கிறார் முன்பு இத்தாலியில் ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்த பாய். “சர்ச்சுக்குள்ள போனா தோளை மூடணும். மணல்ல குடைக்கு வாடகை குடுக்கணும்.” “மணலுக்கே வாடகையா? அம்புட்டுக் கெட்டிக்கார யாவாரிகளா!” அழகுபாண்டிக்கு அந்த ஊர்மேல் மரியாதையே வந்துவிடுகிறது. “பூட்டுச் சாவியோட ஒரு அறையும் தருவாங்கண்ணே. பையை உள்ள வச்சுப் பூட்டிட்டு இறங்க வேண்டியதுதான்.” பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்த ராமக்காளின் விரல்கள் நிற்கின்றன. “அப்ப காவலுக்கு ஆள் வேணாமா, பாய்?” “எதுக்குக்கா?” கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் நீல நீச்சல் உடை ஒன்று மின்விசிறிக் காற்றில் மெல்ல ஆடுகிறது. அதையே பார்த்தபடி எழுந்தவள், பையைக் கணவர் கையில் திணிக்கிறாள். “இதைப் பிடிங்க. பாய், வெலையை அப்புறம் பேசிக்கிருவோம். அது எனக்குச் சேருமான்னு பாருங்க.”