கட்டாயச் சிரிப்பு

"எல்லாரும் கையை மேல தூக்குங்க. இப்ப சத்தமா சிரிங்க. ஹா... ஹா... ஹா!"

சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் அம்மா மைக்கில் சிரித்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த ஷூ கம்பெனியின் தையல் பெண்கள் இருநூறு பேரும் கூடவே சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? மனநல வாரம். 'உங்கள் மனம் எங்கள் சொத்து' என்று பேனர் வேறு கட்டியிருந்தார்கள்.

பயிற்சி சாப்பாட்டு நேரத்தில்தான். வேலை நேரத்தில் சிரித்தால் டார்கெட் என்ன ஆவது?

ஹெச்.ஆர். மேனேஜர் செல்வகுமார் போனும் கையுமாகச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தொழிலாளர்கள் சந்தோஷமாக இருப்பதற்கு ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஆதாரம் கேட்டிருந்தான். கேட்டால் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. லூர்துசெல்வி.

"கடைசியில நிக்கிற மேடம்! கவலையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுச் சிரிங்க பார்ப்போம்!"

லூர்துசெல்வியின் அம்மா செத்துப் பதினோரு நாள்தான் ஆகிறது. முப்பதாம் நாள் பூசைகூட இன்னும் வைக்கவில்லை. கம்பெனி மூன்று நாள் லீவு கொடுத்து, வாட்ஸ்அப்பில் ஒரு மெழுகுவத்திப் படமும் அனுப்பியிருந்தது. அதோடு அவளுடைய துக்கம் முடிந்துவிட்டதாகக் கணக்கு.

செல்வகுமார் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கொஞ்சம் சிரிம்மா. குரூப் போட்டோவே கெட்டுப்போவுது."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏய், லூர்து!"

கத்தியவர் லைன் சூப்பர்வைசர் ராஜாமணி. "காலையில நீ தைச்சதுல பாதி கோணல். இங்க வந்து இளிச்சிக்கினு நிக்கிறியா? ஸ்டோர் ரூமுக்குப் போ! நூல்கண்டு மொத்தத்தையும் கலர் வாரியா பிரிச்சி வெச்சிட்டுத்தான் வரணும். ஜல்தி!"

மைக்கில் கேட்ட சிரிப்பு நின்றுபோனது. லூர்துசெல்வி தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள்.

"மனுஷனாடி இவரு?" புதிதாய்ச் சேர்ந்த பெண்கள் முணுமுணுத்தார்கள்.

ராஜாமணியின் வாய் அப்படி. வாரத்துக்கு ரெண்டு பேராவது அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போவார்கள். அரை மணி கழித்துக் கண் சிவந்து திரும்புவார்கள். அதுவரை அவர்களுடைய மிஷினில் ராஜாமணியே உட்கார்ந்து, எல்லாரையும் முறைத்துக்கொண்டு தைப்பார்.

மூன்று மணிக்கு ஹெச்.ஆர். ரூமில் விசாரணை.

"மனநல நிகழ்ச்சியில, அதுவும் வெளியாள் முன்னாடி, இப்படியா கத்துவீங்க?" செல்வகுமாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தம்மா ரிப்போர்ட்ல எழுதிட்டா என் மானம் போயிடும். வேலை வாங்காதீங்கன்னு சொல்லலைங்க. நல்லா வாங்குங்க. சிரிச்ச முகமா வாங்குங்க. பாலிசி அதான்."

ராஜாமணிக்குப் பக்கத்தில் லூர்துசெல்வியையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

செல்வகுமார் லூர்துசெல்வி பக்கம் திரும்பியதும் குரல் குழைந்தது. "பயப்படாதம்மா. இவரு உன்னைக் கொடுமைப்படுத்தினாரா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. மத்தத நான் எழுதிக்கிறேன்."

"இல்ல சார். அவரு என்னை..."

"ஆமா சார்," ராஜாமணி அவசரமாகக் குறுக்கிட்டார். "திட்டினேன். பனிஷ்மென்ட்டாத்தான் அனுப்பினேன். எழுதிக்கோங்க."

எழுதினார்கள். பன்னிரண்டு வருஷமாய் அவர் காத்திருந்த ஷிப்ட் இன்சார்ஜ் பதவி, அடுத்த மாசம் வரவேண்டியது, அந்த மெமோவில் போட்ட ஒரு கையெழுத்தோடு போய்விட்டது.

வெளியே வந்ததும் லூர்துசெல்வி அவரை மறித்தாள்.

"ஏன் சார் என்னைப் பேச வுடல? நூல்கண்டெல்லாம் எப்பவோ பிரிச்சிதான் கெடக்குது. தாப்பாளப் போட்டுக்கினு ஆசைதீர அழுதுட்டு வரட்டும்னுதான் நீங்க அனுப்புறீங்கன்னு பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். எங்க வூடு ஒரே ரூமு சார். அப்பாவும் புள்ளைங்களும் என் மொகத்தையே பாத்துக்கினு இருக்குதுங்க. அம்மாவுக்காக நான் அழுததே இங்கதான். அதைச் சொல்லியிருந்தா உங்க புரொமோஷன் தப்பிச்சிருக்குமே?"

ராஜாமணி சட்டைப்பையில் மெமோவை மடித்து வைத்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, நாளைக்கே அந்த ரூமுக்கு ரிப்பன் வெட்டி, அழ வர்றவங்களை வரிசையா நிக்கவெச்சிப் போட்டோ எடுத்திருப்பாங்கம்மா."