இரட்டை முடிச்சு

வாசலில் இருப்பவர்கள் மூன்று பேர்: ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், அவருடைய மருமகள், கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டு அம்மா. மாலை வெயில் படியில் சாய்ந்து கிடக்கிறது. உள்ளே பயறு வேகிற குக்கர் விசிலடித்து ஓய்கிறது. மருமகள் படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டக் குனிகிறாள். குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்த தழும்பு இழுக்க, பாதியிலேயே நிமிர்கிறாள். தினமும் நட, காய்கறியும் பயறும் சாப்பிடு, இறைச்சியைக் குறை, பிழைத்திருக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்பது டாக்டர் சொன்னது. வெளியே யார் கேட்டாலும் வயிற்றுப்புண் என்று சொல் என்பது மாமனார் போட்ட உத்தரவு.

"இன்னைக்கு நடக்க வேண்டாம் மாமா. தெருவுல ஒரு மாதிரி பேசுறாங்க."

எதிர்வீட்டு அம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி சிரிக்கிறாள். "பேசாம என்ன செய்வாங்க? மருமகளுக்கு இலைதழையைப் போட்டுத் தெருவுல விரட்டுறீங்கன்னு ஊரே சொல்லுது சார்."

மருமகள் ஷூவைக் கழற்றப் போகிறாள். மாமனார் அதைப் பார்க்கிறார். எந்த நீதிபதிக்கும் வளையாத முதுகு அது. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூட்டு சடக்கென்று ஒலிக்க, மருமகளின் காலடியில் உட்கார்ந்து நாடாவை இழுக்கிறார்.

"ஐயோ மாமா, காலை விடுங்க!"

"ஆட்டாதேம்மா, முடிச்சு நழுவுது."

இரட்டை முடிச்சுப் போட்டபின் தலையை மட்டும் திருப்புகிறார். குரல் தெருக்கோடிவரை கேட்கிறது.

"இவளுக்குக் குடல்ல புற்றுநோய். வெட்டி எடுத்தாச்சு. உயிரோட இருக்கணும்னு நடக்கிறா. அந்த இலைதழையைத்தான் நானும் சாப்பிடுறேன். யாரும் விரட்டல."