டிரான்ஸ்ஃபர் போட்டாச்சு

"பாய், டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு. மெட்ராஸ்லருந்து."

ரேஞ்சரின் டிரைவர் முருகையன் செங்கம் ரோட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். ஷெட்டில் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்த ஃபாரஸ்ட் ஜீப்புக்கு அடியிலிருந்து மெக்கானிக் நசீர் அகமது தலையை மட்டும் நீட்டினார்.

"அய்யாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா. எத்தினி தபா எழுதிக் கேட்டாரு. மனுஷனுக்குக் காலு தரையில நிக்கல."

பக்கத்து டீக்கடை பெஞ்சில் சடையன் காதைத் தீட்டிக்கொண்டார். ஊருக்கு அவர் விறகுக்கடைக்காரர். விறகுக்கு அடியில் ஜவ்வாது மலைச் சந்தனக்கட்டையும் வருவது அவருக்கும் அவர் மாடுகளுக்கும்தான் தெரியும். துரத்தி வரும் ரேஞ்சர் சக்கரவர்த்தி இதுவரை அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறார். செய்யாற்று மணலில் ஜீப் புதைந்துவிடும். மாட்டு வண்டி கரையேறிவிடும். ஆனாலும் பயம் பயம்தானே. இந்த ரேஞ்சர் தொலைந்தால் பெரிய லோடாக அடிக்கலாம் என்று வெட்டிய கட்டையெல்லாம் மலையிலேயே கிடந்தது.

சடையன் டீ கிளாஸோடு ஷெட்டுக்குள் நுழைந்தார்.

"இன்னா முருகையா, ரேஞ்சர் கெளம்பறாரா?"

"சாயந்தரத்துக்குள்ள போட்டாச்சுன்னா காலைலயே கெளம்பிடுவாருண்ணே."

"எந்தப் பக்கம்?"

"அத நான் சொல்லக் கூடாது."

நசீர் அகமது ஒரு சாக்கைப் பிரித்து உள்ளேயிருந்த இரும்புப் பெட்டியைத் தூக்கினார்.

"இன்னா பாய் இது, ஆட்டுக்கல்லு கணக்கா?"

"கியர் பொட்டிக்கு ஜோடி."

"கியர் பக்கத்துல இன்னொரு குச்சி நிக்குதே, அது எதுக்கு?"

"வெளிச்சத்த மறைக்காம டீய குடிங்கண்ணே. ஒரு போல்ட்டு லூசா இருந்தாலும் அய்யா என்னச் சும்மா வுட மாட்டாரு."

சடையன் தனக்குள் சிரித்துக்கொண்டார். வரப்போகிற ஆபீசரிடம் ஒப்படைக்க ஜீப்புக்கு இவ்வளவு ஜோடனையா?

பொழுது சாய்வதற்குள் நசீர் அகமது கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "முருகையா, அய்யாகிட்ட சொல்லிடு. டிரான்ஸ்ஃபர் போட்டாச்சு."

சடையன் இருவருக்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்துவிட்டு சைக்கிளை மிதித்தார்.

விடியலில் வண்டி நிறையக் கட்டையோடு ஆற்று மணலில் இறங்கியபோது பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. சடையன் திரும்பிப் பார்த்தார். அதே ஜீப். மாட்டை அவர் விரட்டக்கூட இல்லை. புது ஆபீசர் போலிருக்கிறது, அவரும் ஒரு தடவை புதைந்து பார்க்கட்டும்.

ஜீப் புதையவில்லை. மணலை வாரி இறைத்துக்கொண்டு வந்து வண்டிக்குக் குறுக்கே நின்றது. முருகையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சக்கரவர்த்தி.

சடையன் வண்டியிலிருந்து இறங்கினார். "அய்யா... உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் போட்டாச்சுன்னு பாய் ஷெட்டுல சொன்னாங்களே?"

"நாலு சக்கரத்தையும் இழுக்க வெக்குதே, அந்தப் பொட்டிக்குப் பேருதான்யா டிரான்ஸ்ஃபர்," என்று அந்த இன்னொரு குச்சியைத் தட்டினார் சக்கரவர்த்தி. "போட்டது எனக்கு இல்ல, ஜீப்புக்கு."